சுவருக்காக நான் எழுதிய மனு

மலாயாவில், காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் அமலில் இருந்த நாட்கள் அவை. சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகும் சாலையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் எனக்குத் தங்க இடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் கைக்குழந்தையோடு மனைவியை அங்கே வைத்திருக்கப் பயமாக இருந்தது. அதனால் சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் ஒரு பழைய பலகை வீட்டை வாங்கிக் குடிவந்தேன். தினமும் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய் வருவேன்.

வாங்கினேன் என்று எழுதும்போதே இன்றைக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. என் அப்பா கடைசிவரை தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில், இருந்தவர். எங்கள் குடும்பத்தில் சொந்தமாக ஒரு கதவைத் திறந்து உள்ளே போன முதல் ஆள் நான்தான். அந்தக் கதவு சரியாக மூடாது என்பது வேறு விஷயம்.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அடையாள அட்டை தொலைந்துவிட்டதா, ஊருக்குப் போக விடுப்பு வேண்டுமா, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டானா, எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். நல்ல இங்கிலீஷில், நாலு கடினமான வார்த்தைகளைப் போட்டு எழுதிக் கொடுப்பேன். நாங்கள் இன்னின்ன உபகாரம் செய்தோம், அதற்கு இவன் இப்படிச் செய்தான் என்று எழுதினால்தான் மனு எடுபடும் என்பது நான் கண்டுவைத்திருந்த வித்தை. அந்த வித்தைதான் ஒரு மனிதரை ஏறக்குறைய முழுங்கப் பார்த்தது.

வீடு வாங்கிய சில மாதங்களிலேயே அடுப்படிப் பக்கத்துத் தூண்களைக் கறையான் அரித்திருப்பது தெரிந்தது. விரலால் குத்தினால் மாவு மாதிரி உதிர்ந்தது. தூண்களை மாற்ற ஒரு சீனத் தச்சரை ஏற்பாடு செய்தேன். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டியில் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் வரும். எங்கள் தோட்டத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், முள்வேலி போட்டிருந்த புதுக்கிராமத்தில் அரசாங்கம் அவரைக் குடிவைத்திருந்தது. காலையில் கேட் திறந்த பிறகு கிளம்பி வருவார். மாலை ஆறு மணிக்குள் திரும்பி உள்ளே போய்விட வேண்டும். கேட்டில் சைக்கிள் டியூபைக்கூடத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி அரிசியோ சோறோ அந்தப் பக்கம் போனால் அது காட்டில் இருப்பவர்களுக்கு என்றுதான் கணக்கு. அப்படிப் பிடிபட்டவர்களைப் பற்றிப் பிறகு தகவலே வராது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் வேலை செய்கிறவருக்கு மத்தியானம் சோறு போடாமல் இருப்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது. என் மனைவி அந்தத் தச்சரை உட்காரவைத்து, இலை போட்டு, வயிறு நிறையப் போட்டுத்தான் அனுப்புவாள். அவருக்கு வயதான தாயார் இருக்கிறார் என்று எப்படியோ தெரிந்துகொண்டாள். அதன் பிறகு மாலையில் அவர் கிளம்பும்போது ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். வாழை இலையில் சோறு, புளிக்குழம்பு, நெத்திலிச் சம்பல். மேலே அவளுடைய கிழிந்துபோன மாம்பழநிறச் சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்து ஒரு கட்டு.

அவர் வேண்டாம் என்றார். இரண்டு கையையும் ஆட்டி, "தா போலே, தா போலே" என்றார். கூடாது, முடியாது என்று அர்த்தம். என் மனைவிக்கு அவ்வளவு மலாய் அப்போது தெரியாது. வெட்கப்படுகிறார் என்று நினைத்தாள். நம் வீடுகளில் வேண்டாம் என்று சொன்னவுடன் யார்தான் விடுகிறார்கள்? மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லி நாலாவது தடவை வாங்கிக்கொள்வதுதானே மரியாதை. அவள் பொட்டலத்தைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டாள். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்து வந்திருந்த, அர்த்தம் தெரிந்த நானும் பக்கத்தில் நின்று, பரவாயில்லை எடுத்துக்கொண்டு போங்கள் என்று பெரிய மனதோடு சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனார். அதிலிருந்து தினமும் பொட்டலம் போனது.

மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை. காலையிலிருந்து மழை. தச்சர் அடுப்படியின் மூலைத் தூணை எடுத்துவிட்டு, கூரைக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். அந்த வாரம் புதுக்கிராமத்துக் கேட்டை சீக்கிரமே மூட உத்தரவு வந்திருந்ததாம். மூன்று மணிக்கே அவசர அவசரமாகக் கிளம்பிவிட்டார். முட்டுக் கட்டைக்கு அடியில் பலகை வைக்கவில்லை. நனைந்த மண்ணில் அப்படியே நட்டிருந்தார். அது அவர் செய்த தவறுதான், அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஐந்து மணிக்கு நான் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். உள்ளே பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்படியே இல்லை. பலகைச் சுவர் முழுசாக உள்பக்கம் சாய்ந்து, மேலே இருந்த தகரங்கள் சரிந்து, அடுப்பும் பானைகளும் எல்லாம் அடியில் கிடந்தன. தினமும் அந்த நேரத்தில் என் மனைவி அந்த உத்தரத்தில்தான் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருப்பாள். தூளித் துணி தகரத்துக்கு அடியில் கிடந்தது. நான் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்தினேனா, மனைவியின் பெயரைச் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. வெறும் கையால் தகரத்தை இழுத்தேன். உள்ளங்கை கிழிந்தது.

பின்னால் அவள் குரல் கேட்டது. மழை விட்டிருந்ததால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் தீப்பெட்டி வாங்கப் போயிருந்தாளாம். இரண்டு பேரையும் பார்த்ததும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு தீப்பெட்டிதான் என் குழந்தையைக் காப்பாற்றியது.

பயம் தீர்ந்ததும் கோபம் வந்தது. நாளைக்கு வரட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அவருடைய மரப்பெட்டிகூட வீட்டில் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இனிமே அந்த ஆளு எங்க வரப்போறான்லா, ஓடியிருப்பான் என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஓர் ஆளை அனுப்பலாம் என்று தோன்றவே இல்லை. எங்கள் தோட்டத்து லாரி தினமும் அந்தப் புதுக்கிராமத்து வாசலைத் தாண்டித்தான் போய் வருகிறது. டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நான் செய்தது வேறு. வெள்ளிக்கிழமை ஆபீசில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு மனு அடித்தேன். சுவர் விழுந்தது, பாத்திரங்கள் நசுங்கியது, குழந்தை தப்பியது, ஆள் தலைமறைவானது எல்லாம் எழுதினேன். என் வித்தையைக் காட்ட வேண்டாமா? மத்தியானச் சாப்பாடு கொடுத்தது போதாதென்று, என் மனைவி தினமும் இவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சோறு கட்டிக் கொடுத்தாள், அத்தனை உபகாரத்தையும் பெற்றுக்கொண்டு இப்படிச் செய்துவிட்டார் என்று ஒரு வரி சேர்த்தேன். படித்துப் பார்த்தபோது அந்த வரிதான் மிகவும் உருக்கமாக இருந்தது. எனக்கே கண் கலங்கியது.

போலீஸ் நிலையத்தில் அதிகாரி அதை மெதுவாகப் படித்தார். முதல் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். பென்சிலை எடுத்து ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டார். எத்தனை நாள், எவ்வளவு, எந்தப் பாதையில் போவார் என்று கேட்டார். என் மனுவை இவ்வளவு கவனமாகப் படிக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நஷ்டத்துக்குப் பொறுப்பேற்க வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். தச்சர் வந்தார். சைக்கிளில் இரண்டு நீளமான புதுப் பலகைகளைக் கட்டி, ஏற முடியாமல் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய், விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். குழந்தை எங்கே என்றுதான் முதலில் கேட்டார். என் மனைவி தூக்கிக் காட்டியதும் மூச்சை விட்டார். புதன்கிழமை ராத்திரி யாரோ வேலியை வெட்டிவிட்டார்களாம். மூன்று நாள் முழுக்க ஊரடங்கு, ஒருத்தரையும் வெளியே விடவில்லை என்றார். பலமான மழை பெய்ததும் முட்டு நிற்காதோ என்ற பயத்தில் தூக்கமே வரவில்லையாம், அதனால்தான் கையோடு பலகை கொண்டுவந்தாராம். தப்பு என்னுடையது, சுவரை நானே கட்டித் தருகிறேன், பலகையும் என் பொறுப்பு என்று உடைந்த மலாயில் சொல்லிவிட்டு அளவு கோலை எடுத்தார்.

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். மனு நினைவுக்கு வந்தது. நாளைக்குப் போய் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் ஜீப் வந்து நின்றது.

கேட்டில் விசாரித்துவிட்டு அவரைத் தேடி வந்த நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் என் மனு இருந்தது. தச்சரை அளவு கோலோடு சேர்த்துப் பிடித்தார்கள். அவர் திமிறவில்லை. என்னைத்தான் பார்த்தார். இது ஏதோ தவறு, வீட்டுக்காரர் சொல்லிவிடுவார் என்று நம்பிய பார்வை அது. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. ஜீப் போய்விட்டது. பலகைகள் சைக்கிளிலேயே கட்டியபடி இருந்தன.

என் மனைவி கேட்டாள், சுவர் விழுந்ததற்கா இவ்வளவு போலீஸ் என்று. நான் மனுவின் நகலை எடுத்து, எழுதியதைத் தமிழில் சொன்னேன். அந்த வரி வந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க எழுதுனதுல சுவரு எங்கங்க இருக்கு? என் சோறுதான் இருக்கு" என்றாள்.

பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். எங்கே என்று கேட்டதற்கு, கொடுத்தது நான், போய் நானே சொல்கிறேன் என்றாள். அரை முகத்தைத் துடைத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

நிலையத்தில் அதே அதிகாரி. கோபத்தில் எழுதிவிட்டேன், புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், சுவரை அவரே கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார் என்று கெஞ்சினேன். அவர் அமைதியாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"சுவர் பற்றிய புகாரை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சோற்றை எடுத்துக்கொள்ள முடியாது."

என் மனைவி முன்னால் வந்து, அந்தச் சோற்றைக் கொடுத்தது நான்தான், அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்றாள். நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அப்படியென்றால் இந்த அம்மாவின் பெயரையும் எழுத வேண்டிவரும் என்றார் அதிகாரி. எழுதிக்கொள்ளட்டும் என்றாள் அவள். சின்னப் பெண், இருபத்திரண்டு வயது. இடுப்பில் குழந்தை அவள் தாலிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. என் ஒரு வரி என் வீட்டையே சுற்றி வளைத்துக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தச்சரை வெளியே கூட்டிவந்து கேட்டார்கள், அந்தச் சோற்றை யாருக்குக் கொடுத்தாய் என்று. அவர் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். "சுடா மாக்கான்" என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். சாப்பிட்டுவிட்டேன் என்கிறார். தினமும் சாலையோரத்திலேயே, தோட்டத்துப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், ஆடுகள் மேயும் இடத்தில் உட்கார்ந்து தின்று முடித்துவிட்டுத்தான் கேட்டுக்குப் போவேன் என்றார். பன்னிரண்டு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டவன் நாலரை மணிக்கு மறுபடியும் அவ்வளவு சோற்றைத் தின்பானா என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான். செவ்வாய்க்கிழமை மேலிடத்துக்கு அனுப்பிவிடுவோம், பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அதற்குள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். மேலிடத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

ஆடுகள் என்றதும் எனக்கு ஒருவரைத் தெரியும். எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் ஒரு பெண், கணவனை இழந்தவர். வேலை முடிந்ததும் நாலைந்து ஆடுகளைச் சாலையோரம் மேய்ப்பார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? கன்றுகள் நட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறார், இனி மேய்த்தால் ஆடுகளைப் பிடித்துக் கட்டிவிடுவோம் என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியதே நான்தான்.

அன்று மத்தியானமே தோட்டத்துக்குச் சைக்கிளை விட்டேன். கிராணி லயத்துக்குள் கால் வைத்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்தம்மாவும் எழுந்து நின்றார்.

"ஆட்டுக்காக வந்தீங்களா கிராணி ஐயா? இன்னிக்குக் கட்டித்தான் போட்டிருக்கேன்" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன், அந்த வரியையும் சேர்த்து. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்.

"அந்த சைக்கிள் சீனரா? தெனம் அங்கதான் ஐயா உக்காந்து திம்பாரு. பாதி தின்னதும் மூச்சு வாங்கும். காரம் வேற, கண்ணுல தண்ணியா ஊத்தும். ஏன்யா இப்படி அடைச்சுக்கிட்டுத் திங்கிறேனு ஒருநாள் கேட்டேன். கேட்டுக்குள்ள கொண்டுபோவ முடியாதாம். அந்த அம்மா ஆசையா குடுத்ததைக் கொட்டவும் மனசு வரலையாம்."

பத்து நாளுக்கு மேல் இருக்கும். அத்தனை நாளும் அந்த மனிதர் எங்களுக்காக, எங்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக, பசிக்காத வயிற்றில் எங்கள் காரச் சோற்றைத் திணித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைத்தான் நான் உபகாரம் என்று டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இலையை என்ன செய்வார் என்று கேட்டேன். ஆடு தின்றுவிடும் என்றார். அப்படியானால் அத்தாட்சி ஒன்றுமே இல்லையா என்று தலையில் கை வைத்தேன். அவர் வீட்டுப் பக்கவாட்டில் போய், குட்டி ஆடு ஒன்றை அவிழ்த்துவிட்டு, அதைக் கட்டியிருந்த கயிற்றைக் கொண்டுவந்து நீட்டினார். சிவப்புத் துணிப் பட்டைகளை முடிபோட்டு, மூன்று புரியாகப் பின்னிய கயிறு. பொட்டலம் கட்டி வந்த துணியை வீணாக்காமல் தச்சர் தினமும் இந்த அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். என் மனைவியின் சேலைக் கரை முழுவதும் அங்கே ஆட்டுக் கயிறாக இருந்தது.

போலீஸில் வந்து சொல்வீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்துப் பெண் போலீஸ் நிலையத்துப் படியேறுவது சாதாரண விஷயமா? அவர் முகத்திலும் பயம் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்றேன் ஐயா. ஆனா நீங்க எதுவும் எழுத வேணாம். நானே வாயால சொல்லிக்கிறேன்" என்றார்.

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துதான் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. நான் எழுதும் எழுத்து மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் போனோம். அந்தம்மா தனக்குத் தெரிந்த மலாயில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அதிகாரி கயிற்றை மேசை மேல் வைத்து முடிச்சுகளைப் பார்த்தார். என் மனைவி மிச்சமிருந்த மாம்பழநிறச் சேலையைக் கொண்டுவந்திருந்தாள். கரை இல்லாத அந்தச் சேலையை அவர் முன்னால் விரித்தாள். அதிகாரி சேலையையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். சாலையோரத்து இடத்தைப் பார்த்துவர ஆள் அனுப்பினார். எதிரில் தோட்டத்து வாசலில் காவலுக்கு நிற்கும் மலாய்க்காரரும், ஆமாம், தினமும் அங்கே உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிடுவார், என்ன துக்கமோ என்று நாங்கள் கேட்பதில்லை என்றாராம். அந்த இடத்தில் எங்களுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல்தான் தச்சரை விட்டார்கள். இனிமேல் ஒரு பருக்கை வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று என் மனைவியைக் கண்டித்து அனுப்பினார்கள். ஆட்டுக் கயிறு காகிதங்களோடு அங்கேயே தங்கிவிட்டது. அவள் அன்றைக்கே அந்தச் சேலை முழுவதையும் கிழித்துப் புதுக் கயிறு பின்னி அந்தம்மாவுக்குக் கொடுத்தனுப்பினாள். ஆடு மேய்வதைப் பற்றி நானும் அதன் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

தச்சரிடம் நிலைய வாசலில் வைத்தே மன்னிப்புக் கேட்டேன். சரியான மலாய் வார்த்தை வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். கன்னம் ஒரே நாளில் ஒட்டிப்போயிருந்தது. அவர் கையை உதறவும் இல்லை, அழுத்தவும் இல்லை. நாளைக்கு வருகிறேன், சுவர் இருக்கிறது என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வந்தார், நானும் விடுப்பு எடுத்திருந்தேன். இந்த முறை வேலை தொடங்குமுன் இரண்டு பேரும் வீட்டைச் சுற்றி நடந்தோம். எந்தத் தூண் எவ்வளவு அரித்திருக்கிறது, எது எப்போது எடுக்கப்படும், சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தால் எதை அவிழ்க்காமல் விட வேண்டும், எல்லாவற்றையும் காட்டினார். நானும் கேட்டுக்கொண்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். முட்டுக் கட்டைக்கு அடியில் அகலமான பலகை வைத்து, மேலே ஏறி நின்று ஆட்டிக் காட்டினார். ஐந்து நாளில் சுவர் எழும்பியது. அந்தச் சுவர் நான் வீட்டை விற்கும்வரை ஒரு இம்மி நகரவில்லை.

அவர் திரும்பி வந்த அந்த நாள் மத்தியானம் இலை போட்டாயிற்று. என் மனைவி ஒரு கரண்டி போட்டாள். இரண்டாவது கரண்டியோடு நின்றாள். தச்சர் இலைக்கு மேல் கையை நீட்டி, "சுக்குப்" என்றார். போதும். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கரண்டியைப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டாள். அந்த வீட்டில் ஒருவர் போதும் என்று சொல்லி நாங்கள் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது பிள்ளைகள் வீடு கட்டுகிறார்கள். குழாய் போட வந்தவன் தரையை உடைத்துவிட்டான், பெயிண்ட் அடிக்க வந்தவன் கண்ணாடியைக் கீறிவிட்டான் என்று போனில் கொதிப்பார்கள். கொதிப்பது நியாயம்தான், நஷ்டம் நஷ்டம்தான். கூப்பிட்டு நேரில் காட்டு, அவன் சொல்வதைக் கேள், இன்னொரு வேலைக்காரரையும் பார்க்கச் சொல், சரிசெய்து தருகிறானா என்று பார், அதற்கும் மசியாவிட்டால் அப்புறம் புகார் எழுது என்பேன். அப்படி எழுதும்போது உடைந்ததை மட்டும் எழுது, நீ செய்த உபகாரத்தை எழுதாதே என்று ஒரு வார்த்தை சேர்ப்பேன். ஏன் என்று கேட்பார்கள். என் வாசலில், அளவு கோலோடு ஜீப்பில் ஏறிய ஒரு மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்ததை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஒவ்வொரு முறையும் நான் அன்றைக்கு நின்றது போலவே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன்.